கிளிப் கழற்றியாச்சு, இனி ரீட்டெய்னர்: முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

என் மகளுக்குப் பல் கிளிப் கழற்றியது ஒரு சனிக்கிழமை மாலை. இரண்டு வருடம் கம்பியோடு இருந்தவள், வீடு வந்து சேரும்வரை நாக்கால் முன்பற்களைத் தடவிக்கொண்டே வந்தாள். "வழுவழுன்னு இருக்கும்மா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அந்தச் சந்தோஷத்தில், நேராக்கிய பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் ரீட்டெய்னர் பற்றி டாக்டர் சொன்னதில் பாதி எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை. ராத்திரி அந்தச் சின்ன டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் போட வேண்டும்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பல் என்பது சுவரில் அடித்த ஆணி போல எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்கள் உண்டு. பல் அவற்றில்தான் தொங்குகிறது. கிளிப் பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளர்கிறது. கிளிப்பைக் கழற்றுகிற அன்று அந்தப் புது எலும்பு இன்னும் முற்றியிருக்காது. நார்களோ பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கப் பார்க்கும். வேரைச் சுற்றியுள்ள நார்கள் ஒழுங்காக மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறில் இருக்கும் ரப்பர் போன்ற நார்களுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோகூட ஆகலாம். முறுக்கிக்கொண்டிருந்த பல்லை நேராக்கியிருந்தால், அது மறுபடி திரும்பிக்கொள்ளப் பெரும்பாலும் இந்த ஈறு நார்களே காரணம்.

அதனால் முதல் சில மாதங்கள்தான் முக்கியமானவை. உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கே உங்களுக்குச் சரி. ஆனாலும் பலருக்கும் சொல்வது இதுதான்: முதல் மூன்று முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரமும் பல் தேய்க்கும் நேரமும் போக நாள் முழுக்க, அதன் பிறகு இரவில் மட்டும். சில டாக்டர்கள் தொடக்கத்திலிருந்தே இரவு மட்டும் போதும் என்பார்கள். இரவுக் கணக்கு எப்போது முடியும் என்று கேட்டேன். வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொள்ளும், கிளிப்பே போடாதவர்களுக்கும் அப்படித்தான், அதனால் பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும்வரை இரவில் போட்டுக்கொள்வது நல்லது என்று பதில் வந்தது.

உங்களுடையது எந்த ரகம்?

மூன்று ரகம் புழக்கத்தில் உண்டு. அண்ணத்தில் ஒட்டி உட்காரும் பிளாஸ்டிக் தட்டும் முன்பற்களைச் சுற்றி ஒரு கம்பியும் இருந்தால் அது ஹாலி. கண்ணாடி போலப் பல்லையே மூடும் மெல்லிய உறை இன்னொன்று. பல்லின் பின்பக்கம் ஒட்டிவிடும் கம்பி மூன்றாவது. அதைக் கழற்ற முடியாது. என் மகளுக்கு மேலே உறை, கீழே ஒட்டிய கம்பி.

போடுவதும் எடுப்பதும்

முதல் வாரம் கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். கையைக் கழுவி, ரீட்டெய்னரை நனைத்து, முதலில் முன்பற்களில் பொருத்துங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் கடைவாய்ப் பக்கம் அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பாதி வைத்துவிட்டுக் கடித்துக் கடித்து உள்ளே ஏற்றுவதுதான் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தப்பு. உறை விரிசல் விடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

எடுக்கும்போது கடைவாயின் உள்பக்கம் விரல்நுனியை விட்டு, ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று தளர்த்தி, கடைசியில் முன்பக்கம் எடுங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் வளைந்துபோகும். ஹாலி என்றால் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து இழுக்கவே கூடாது. கடைவாயில் இருக்கும் கொக்கிகளில் விரல் வையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் எச்சில் அதிகம் ஊறும், பேச்சு குழறும். உறை போட்டவர்களுக்குச் 'ச', 'ஸ' வழுக்கும். அண்ணத்தில் தட்டு இருந்தால் நாக்கை மடிக்க இடம் போதாமல் 'ள', 'ண', 'ழ' படுத்தும். தினமும் பத்து நிமிடம் பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வைத்தேன். நான்காம் நாள் பள்ளியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம்

ரீட்டெய்னர் தொலைவதும் உடைவதும் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்யாணப் பந்தி. சாப்பிட உட்கார்ந்ததும் இவள் உறையைக் கழற்றி, பேப்பர் நாப்கினில் சுற்றி இலை ஓரம் வைத்தாள். பாயசம் வந்தது, அப்பளம் வந்தது, பேச்சு வந்தது. இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனவளுக்குக் குழாயடியில்தான் ஞாபகம் வந்தது. ஓடிப் போனால் இலையெல்லாம் வாரி, அடுத்த பந்திக்குப் பேப்பர் விரித்துவிட்டார்கள். பின்னால் கொட்டி வைத்திருந்த எச்சில் இலைக் குவியலில் நானும் என் தங்கையும் முக்கால் மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. புதிதாகச் செய்து வாங்குவதற்குள் பத்து நாள் போய்விட்டது. அதற்குள் ஒரு பல் லேசாக அசைந்தே விட்டது.

அதிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்று: வாயில் இல்லையென்றால் டப்பாவில். நாப்கின், பாக்கெட், தட்டு ஓரம் எதுவும் கூடாது. பளிச்சென்ற நிறத்தில் இரண்டு டப்பா வாங்கி, ஒன்றைப் பள்ளிப் பையிலும் ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்திலும் வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசனைக்கு நாய் தேடி வந்து கடித்துவிடும்.

உறை போட்டபடி தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காபி, டீ சூட்டில் உறை நெளியும், கறையும் ஏறும். ஜூஸும் கூல்டிரிங்கும் இன்னும் மோசம். அந்த இனிப்பு உறைக்குள் தேங்கி நிற்கும், எச்சில் வந்து கழுவ வழியில்லை. சொத்தைக்கு அதைவிட வசதி வேண்டாம். சாம்பாரோ குழம்போ சாப்பிட்டால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் போடுங்கள். முடிந்தால் பல் தேய்த்துவிட்டே போடுங்கள். இல்லாவிட்டால் மஞ்சள் கறை ஒரே வாரத்தில் உறையில் தெரியும்.

சுத்தம் செய்வது

இதற்கென்று தனியாக மென்மையான பிரஷ் ஒன்று. பச்சைத் தண்ணீர். வாசனை இல்லாத மிதமான சோப்புத் திரவம் ஒரு சொட்டு. வேறு எதுவும் வேண்டாம். காலையில் எடுத்ததும் உலர விடாமல் உடனே உள்ளும் புறமும் தேயுங்கள். பல்லின் குழி போல இருக்கும் உள்பக்கத்தில்தான் வழவழப்பு ஒட்டியிருக்கும், அங்கே பிரஷ் நுனி போக வேண்டும். கையில் இருந்து நழுவினாலும் உடையாமல் இருக்க, வாஷ்பேசினில் ஒரு சின்னத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

பற்பசை போட்டால் பளபளக்கும் என்று தோன்றும். ஆனால் அதில் இருக்கும் சன்னமான பொடி பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். கீறலில் அழுக்கு குடியேறி, உறை மங்கி, நாற்றம் வரும்.

வெந்நீர் மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் மாமியார் அக்கறையாக, "கொதிக்கிற தண்ணியில போட்டா கிருமி எல்லாம் செத்துடுமே" என்றார். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். இந்த உறை செய்வதே பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக வைத்து, பல் அச்சின் மேல் படிய வைத்துத்தான். மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டும் இதே வேலையைச் செய்யும்.

சில வாரம் கழித்து வெள்ளையாக, சொரசொரப்பாக ஏதோ படியும். எச்சிலில் உள்ள தாதுக்கள் இறுகிய காரை அது. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, தேய்த்து, நன்றாக அலசுங்கள். பல்செட்டைச் சுத்தம் செய்யத் தண்ணீரில் கரைத்து ஊறவைக்கும் மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்கும், அதுவும் உதவும். ஹாலி என்றால் உலோகத்துக்கும் ஆகும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்.

ஒட்டிய கம்பி உள்ளவர்களுக்கு

போடுகிற, எடுக்கிற வேலை இல்லை என்பதால் இதை மறந்துவிடுவோம். கம்பிக்கு அடியில்தான் காரை சேரும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான சாதாரண ஃபிளாஸ் நேராக உள்ளே போகாது. ஊசியில் நூல் கோப்பது போல, அதை வளையம் உள்ள ஒரு பிளாஸ்டிக் ஊசியில் கோத்துக் கம்பிக்கு அடியில் விட வேண்டும். பற்களுக்கு நடுவே போகும் குட்டி பிரஷும் நல்லது. கரும்பு, தட்டை, முறுக்கு, எலும்பு இவற்றை முன்பல்லால் கடிக்காதீர்கள். கடைவாய்க்குக் கொண்டு போங்கள். வாரம் ஒரு முறை நாக்கால் தடவிப் பாருங்கள். ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டிருந்தால் வலியே இருக்காது. ஆனால் அந்தப் பல் சத்தமில்லாமல் நகரத் தொடங்கியிருக்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு மூன்று நாள் போடாமல் விட்டுப் போட்டால் இறுக்கமாக இருக்கும். முழுதாக உட்காருகிறது, இறுக்கம் மட்டும்தான் என்றால் தொடர்ந்து போடுங்கள், ஓரிரு நாளில் சரியாகும். உட்காரவே மாட்டேன் என்கிறது, அழுத்தினாலும் பல்லுக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது என்றால் பலவந்தம் பண்ண வேண்டாம், அன்றே போன் செய்யுங்கள். விரிசல் விட்டாலும், ஈறைக் குத்தினாலும், ஒட்டு விட்டாலும் அதேதான். வீட்டுப் பசையால் ஒட்டுவதோ கம்பியை நீங்களே வளைப்பதோ கூடாது. ஒவ்வொரு செக்கப்புக்கும் ரீட்டெய்னரை எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. கிளிப் கழற்றியதும் எடுத்த பல் அச்சையோ ஸ்கேன் கோப்பையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைத்தால், பல் அசைவதற்குள் அதிலிருந்தே புதிதாகச் செய்துவிடலாம். எங்களுடைய அச்சு இப்போது பீரோவில், பாஸ்போர்ட் இருக்கும் தட்டில் இருக்கிறது.