டெர்மினலில் ஓடியதை ஃபைலில் சேமிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒற்றை > பழையதை அழிக்கும், இரட்டை >> கடைசியில் சேர்க்கும். இது புதியவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. அவர்கள் சறுக்குவது அதற்கு அப்புறம்தான்.

2>&1-ஐ முன்னால் போடுவது

2>&1 என்பது பிழைச் செய்தியையும் வெளியீடு போகும் இடத்துக்கே அனுப்பும் குறி. நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் வரியை இடமிருந்து வலமாகப் படிக்கும். 2>&1 முதலில் வந்தால் அப்போது வெளியீடு போய்க்கொண்டிருக்கும் திரைக்கே பிழைச் செய்தியும் போகும். பிறகு வரும் > வெளியீட்டை மட்டும் ஃபைலுக்குத் திருப்பும். அதனால் முதலில் > போட்டு ஃபைல் பெயர், அதன்பின் 2>&1.

டீ சொன்ன முடிவை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். திரையிலும் தெரிய வேண்டும், ஃபைலிலும் விழ வேண்டும் என்று ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் (|) போட்டு டீ (tee) கட்டளையைச் சேர்க்கிறோம். பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் முழு வரியின் முடிவாக எடுத்துக்கொள்ளும். முன்னால் ஓடிய வேலை படுத்துவிட்டாலும், டீ தன் பங்கை ஒழுங்காக முடித்து 0, அதாவது வெற்றி என்று கொடுத்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய வரி: பேக்கப் எடு, 2>&1 போட்டு டீ வழியாக லாகில் (பதிவு ஃபைலில்) எழுது, முந்தையது வெற்றி என்றால் மட்டும் அடுத்ததை ஓட்டும் && போட்டுப் பழைய பேக்கப்பை அழி. பேக்கப் போகும் டிஸ்க் நிரம்பி வேலை பாதியில் நின்றது. லாக் வேறு டிஸ்கில் இருந்ததால் டீக்கு ஒரு குறையும் இல்லை, 0 வந்தது. பழைய பேக்கப்பும் போனது. டிஸ்கில் இடமில்லை என்ற செய்தி லாகின் கடைசி வரியில் பளிச்சென்று இருந்தது. ஆனால் && லாகைப் படிப்பதில்லையே!

பாஷ் (bash) என்ற ஷெல்லில் இதற்குத் தீர்வு ஒரே வரிதான். கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்ட் ஃபைலின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' (set -o pipefail) எழுதுங்கள். பைப்பில் எது தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகிவிடும், && அங்கேயே நிற்கும். ஒவ்வொரு கட்டளையின் முடிவும் தனித்தனியே வேண்டுமென்றால் பைப்ஸ்டேட்டஸ் (PIPESTATUS) என்ற வரிசையில் கிடைக்கும். உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு எக்கோ போட்டாலும் அது மாறிவிடும்.

சுடோவையும் > குறியையும் சேர்ப்பது

> போட்டால் ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல், நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சுடோ (sudo) அல்ல. அதனால் அந்த உரிமை ஃபைலுக்கு எட்டாது. > குறிக்குப் பதிலாகப் பைப் போட்டுச் சுடோ டீ போடுங்கள்.

ஸ்கிரிப்ட் கட்டளையை ஓடவிட்டு மறப்பது

திரையில் வருவதைப் பதிவு செய்யும் ஸ்கிரிப்ட் (script) கட்டளை நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் எக்ஸிட் (exit) அடியுங்கள்.

பார்க்காமலே பதிவை அனுப்புவது

ஸ்கிரிப்ட் கட்டளை திரைக்கு வந்த எல்லாவற்றையும் டைப்ஸ்கிரிப்ட் என்ற ஃபைலில் எழுதும். தட்டும்போது திரையில் தெரியாத கடவுச்சொல் பொதுவாக அதில் விழாது. ஆனால் கட்டளை வரியிலேயே தட்டிய டோக்கன் விழும். அடுத்தவருக்கு அனுப்பும் முன் லெஸ் (less) கட்டளையில் திறந்து ஒரு முறை தேடிப் பாருங்கள்.