வீட்டுக் கோழி முட்டையைக் கெடாமல் வைப்பது எப்படி?

கோழி வளர்க்கத் தொடங்கியவர்கள் முதலில் செய்யும் காரியம், கூட்டிலிருந்து முட்டையை எடுத்து வந்து குழாயடியில் கழுவுவதுதான். அதைத்தான் செய்யக்கூடாது. புது முட்டையின் ஓட்டைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பளபளப்பில்லாமல், லேசாகப் பொடி பூசியது போலத் தெரியும். முட்டை வெளிவரும்போது ஈரமாக இருந்து சில நொடிகளில் உலர்ந்துவிடும் இயற்கைப் பூச்சு அது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை அடைத்துக் கிருமி உள்ளே போகாமலும், ஈரம் வெளியே போகாமலும் காப்பது இந்தப் பூச்சுதான். கழுவினால் அது போய்விடும். முட்டையைப் பத்திரப்படுத்துவதில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

படி 1: கூட்டைச் சுத்தமாக வையுங்கள்

முட்டை அழுக்காகவே இல்லையென்றால் கழுவும் பேச்சே வராது. முட்டையிடும் பெட்டியில் வைக்கோலோ மரச்சுருளோ தாராளமாகப் போடுங்கள், ஈரமானதை உடனே மாற்றுங்கள். கோழிகள் அடையும் கம்பு பெட்டியை விட உயரத்தில் இருக்கட்டும். கோழிக்கு இருப்பதில் உயரமான இடத்தில்தான் தூங்கப் பிடிக்கும். பெட்டி உயரத்தில் இருந்தால் அதிலேயே படுத்து எச்சம் போட்டு வைக்கும்.

படி 2: அன்றாடம் எடுங்கள்

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. வெயில் காலத்தில் மதியமும் ஒருமுறை பார்ப்பது நல்லது. கிடக்கக் கிடக்க முட்டை மிதிபட்டு உடையும், அழுக்காகும், அடைக்கோழி ஏறி உட்கார்ந்துகொள்ளும். சேவல் இருக்கும் வீட்டில் முட்டை கருக்கட்டியிருக்கலாம். அதைச் சாப்பிடுவதில் தவறே இல்லை, சுவையும் மாறாது. ஆனால் அடைச்சூட்டில் இருந்தால்தான் கரு வளரும் என்பதால், எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டால் கவலையில்லை. புதர் மறைவில் எப்போது இட்டது என்றே தெரியாத முட்டைக் குவியல் கிடைத்தால், என்னைக் கேட்டால், ஆசைப்படாமல் தூக்கிப் போட்டுவிடுவதே மேல்.

படி 3: தரம் பிரியுங்கள்

சுத்தமானவை ஒரு பக்கம். லேசாக ஒட்டியிருக்கும் மண், எச்சத்தை உலர்ந்த துணியாலோ சொரசொரப்பான ஸ்பாஞ்சாலோ தேய்த்து எடுத்துவிடலாம். விரிசல் விட்டது தெரிந்தால் சேமிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சவ்வு கிழியாமல் இருந்தால் அன்றைக்கே நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், கசிந்திருந்தால் வேண்டாம்.

எச்சம் அப்பிக் காய்ந்த முட்டையைக் கழுவித்தான் ஆக வேண்டும். அப்போதும் குளிர்ந்த தண்ணீர் கூடாது. கோழியின் உடம்பு 41 டிகிரிச் சூடு; முட்டையும் அதே சூட்டில்தான் வெளியே வருகிறது. ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்க, துளைகள் வழியே காற்று இழுக்கப்பட்டு, மழுங்கிய முனையில் ஒரு சின்னக் காற்றறை உண்டாகிறது. குளிர்ந்த தண்ணீரில் போட்டால் இதே வேலைதான் மறுபடி நடக்கும், ஆனால் இம்முறை உள்ளே போவது அழுக்குத் தண்ணீர். அதனால் ஆறிய முட்டையை விடச் சூடான, 40 டிகிரி அளவு வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். ஊறவைக்காதீர்கள். உடனே துடைத்து, உலர்த்தி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். கழுவிய முட்டைக்கு வெளியே இடமில்லை.

படி 4: வைக்கும் இடம்

கழுவாத முட்டை, வெயில் படாத குளிர்ச்சியான அறையில் இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். அறை வெக்கையாக இருந்தால் யோசிக்காமல் ஃப்ரிட்ஜ்தான். ஃப்ரிட்ஜில், கழுவிய முட்டையே மூன்று முதல் ஐந்து வாரம் தாங்கும்; கழுவாதது அதையும் தாண்டும்.

குறுகிய முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். காற்றறை மேலே இருந்தால் மஞ்சள் கரு நடுவிலேயே நிற்கும். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்கென்றே குழி செய்து வைத்திருப்பார்கள். திறக்கத் திறக்கச் சூடும் குலுங்கலும் படுகிற இடம் அது. மூடியுள்ள அட்டையில் அடுக்கி உள்தட்டில் வைப்பதுதான் சரி. வெங்காயம், மீன் பக்கத்தில் வேண்டாம், ஓட்டுத் துளை வழியே வாடை ஏறிவிடும். ஒருமுறை ஃப்ரிட்ஜுக்குள் போன முட்டையை வெளியே எடுத்து வைக்காதீர்கள். ஓடு வியர்த்து, அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே போக வழியாகும்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். பழையதை முதலில் எடுங்கள். அவிக்க மட்டும் ஒரு வாரம் ஆனதாகப் பாருங்கள்: அன்றைக்கு இட்ட முட்டையை அவித்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்த்துக்கொண்டு வரும்.

படி 5: சந்தேகம் வந்தால்

ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதுசு. நிமிர்ந்து நின்றால் பழசு. மிதந்தால் காற்றறை ரொம்பப் பெருத்துவிட்டது என்று பொருள். இது வயதைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. எனவே எந்த முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பிறகே சேருங்கள். கூமுட்டையின் நாற்றத்துக்கு அறிமுகம் தேவையில்லை. மஞ்சள் கருவில் சிறு ரத்தப்புள்ளி தெரிந்தால் அது கெட்டதன் அடையாளம் அல்ல.

மிஞ்சிப் போனால்

கோழிகள் போட்டி போட்டு இடும் காலத்தில் ஃப்ரீசர் உதவும். ஓட்டோடு வைத்தால் வெடித்துவிடும். உடைத்து, மஞ்சளும் வெள்ளையும் கலக்கி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வெள்ளைக்கருவை மட்டும் அப்படியே உறைய வைக்கலாம். மஞ்சள் கரு தனியாக உறைந்தால் கூழாகக் கெட்டிப்படும். நான்கு மஞ்சள் கருவுக்குக் கால் டீஸ்பூனில் பாதி உப்பு அல்லது ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை கலந்தால் அது நடக்காது. எதைக் கலந்தீர்கள் என்று டப்பா மேல் எழுதிவிடுங்கள். ஒரு வருஷம் வரை இருக்கும். வேண்டும்போது முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி இளகவிட்டு, நன்றாக வேகும் சமையலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.