ஃபார்மேட் போடுவதற்கு முன்: வீட்டுக் கணினியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு, ஒரு ஃபார்மேட் போட்டுடுங்க." சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலே இது காதில் விழும். கடைக்காரருக்கும் அதுதான் வசதி. கோளாறு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது சுலபம். கணினியும் அப்போதைக்கு வேகமாகிவிடும். வீட்டுக்கு வந்து திறக்கும்போதுதான் டெஸ்க்டாப்பில் இருந்த பத்திர ஸ்கேன் இல்லை, பிள்ளையின் புராஜெக்ட் இல்லை, டேலி கணக்கு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

நான் பார்த்த வரையில் வீட்டுக் கணினிகளில் கோப்புகள் பழுதால் போவதைவிட, பழுது பார்க்கும் அவசரத்தில் போவதே அதிகம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பலவும் இந்த அவசரத்திலிருந்து வருபவைதான்.

"டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை"

நம் ஊரில் கணினி வாங்கினால் ஹார்ட் டிஸ்கை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். "முக்கியமானதை டி-யில் போடுங்கள், ஃபார்மேட் போட்டாலும் போகாது" என்று சொல்லியும் அனுப்புவார்கள். விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனால் அது சரி. ஆனால் டிஸ்க் ஒன்றுதான். அது செத்தால் மூன்று டிரைவும் சேர்ந்தே போகும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் டி, ஈ என்று விட்டுவைக்காது. டி டிரைவில் இருக்கும் இரண்டாவது பிரதியை பேக்கப் என்று கணக்கில் எடுக்காதீர்கள். தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் வேண்டும், நகலெடுத்த பிறகு அதைக் கழற்றி வைக்கவும் வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் டிரைவை ரான்சம்வேரும் மின்னழுத்த எகிறலும் ஒரே வீச்சில் தொட்டுவிடும்.

டி டிரைவை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் நாமாக மாற்றாதவரை சி டிரைவில்தான் இருக்கின்றன. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் அங்கேதான். பல வீடுகளில் டேலி டேட்டாவும் அங்கேதான் இருக்கிறது. ஃபார்மேட் என்றால் முதலில் போவது இவைதான்.

பழைய ஹார்ட் டிஸ்கில் குவிக் ஃபார்மேட் போட்டிருந்தால், அதன்மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை ரெக்கவரி மென்பொருள் ஓரளவு மீட்டுத் தரும். சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்கான எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழிக்கப்பட்ட இடங்களை ட்ரிம் என்ற கட்டளை உடனே காலி செய்யச் சொல்லிவிடும். "போன தடவை மீட்டுக் கொடுத்தார்களே" என்ற தைரியத்தை எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் விட்டுவிடுங்கள்.

48 இலக்க எண்

அண்மையில் வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பாக இருந்தால் அதன் டிஸ்க் பிட்லாக்கர் என்ற வசதியால் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் இது தானாகவே இயங்கிவிடுகிறது. நல்ல பாதுகாப்புதான், திருடு போனாலும் யாரும் படிக்க முடியாது. ஆனால் பயாஸை (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டில் இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, அதில் எதையாவது மாற்றினாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கலாம். அது இல்லாமல் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது.

அந்த எண் பொதுவாக முதன்முதலில் கணினியை அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சிக்கலே அங்குதான். பல வீடுகளில் அந்தக் கணக்கை உருவாக்கியது கடைப் பையன். எந்த மின்னஞ்சல், என்ன கடவுச்சொல் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கே செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியைத் திறந்து எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் மாற்றுங்கள். ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தால் பயனில்லை.

திறக்கிறது, ஆனால் எழுத்து புரியவில்லை

இது தமிழில் எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். ஃபார்மேட் போட்ட பிறகு, 10 வருடம் முந்தைய வேர்ட் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் வரிக்கு வரி அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது, வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவுகட்டி அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும் இடம் அரைப்புள்ளிக்குரிய இடம், அதனால்தான் அத்தனை அரைப்புள்ளிகள். எழுத்துரு போனதால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரிகின்றன. அந்த எழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். கையோடு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில், தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இனி இந்தக் கவலையே இல்லை. ஒரு தலைமுறையின் கவிதைகள், கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள், குடும்ப வரலாறுகள் இந்த எழுத்துருக்களில் கிடக்கின்றன. ஃபார்மேட்டுக்கு முன் எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுத்து வையுங்கள்.

டிஸ்க் முனகும்போது செய்யக்கூடாதவை

ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, ஒரு ஃபோல்டரைத் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது. இப்போது நிறையப் பேர் செய்வது: நாலைந்து தடவை ரீஸ்டார்ட், அப்புறம் இணையத்தில் படித்ததை வைத்து செக்டிஸ்க், அதன் பிறகு சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்கை முழுக்க ஓட்டிப் பார்ப்பதைவிடக் கெட்ட யோசனை இல்லை. செக்டிஸ்க் என்பது ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் கருவி. தேய்ந்துபோன டிஸ்கை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஓட்டத்திலேயே மிச்சமிருந்த ஆயுளும் முடிந்துவிடலாம்.

கணினி ஆன் ஆகிறதென்றால் அந்த நேரத்தை நகலெடுக்கச் செலவிடுங்கள். ஈடு செய்ய முடியாதது முதலில்: புகைப்படங்கள், ஆவணங்கள், கணக்குகள். சினிமாக்களும் மென்பொருள்களும் போனால் போகட்டும். ஏதாவது ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க் கண்ணுக்கே தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறதென்றால் அணைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். செலவு அதிகம், உத்தரவாதமும் கிடையாது.

இந்த நிலை வருவதற்கு முன்பே பல நேரம் அறிகுறி தெரியும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்கின் நிலை ஒரே சொல்லில் தெரியும். நீலத்தில் 'குட்' என்றிருந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் கீழே உள்ள பட்டியலில் ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், கரன்ட் பெண்டிங் செக்டர் என்ற இரு வரிகளைப் பாருங்கள். அந்த எண்கள் வாராவாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எஸ்எஸ்டி பல சமயம் இந்த முன்னறிவிப்புகூட இல்லாமல் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பார்க்காமலே மருந்து கொடுப்பது

கணினி மெதுவாக இருக்கிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் பத்தியில் 100 சதவீதம் நிலைத்து நிற்கிறதென்றால், வைரஸைச் சந்தேகிப்பதற்கு முன் உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்கா என்று பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டும் ஹார்ட் டிஸ்கில் திணறும். அதற்கு எத்தனை ஃபார்மேட் போட்டாலும் சில வாரத்தில் பழைய கதைதான். எஸ்எஸ்டிக்கு மாறினால் எட்டு வருட லேப்டாப்கூட நிமிரும். மெமரி எந்நேரமும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை.

திடீர் திடீரென்று கணினி நின்று நீலத் திரை (புதிய விண்டோஸ் 11இல் கறுப்புத் திரை) வருகிறதென்றால், ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டுங்கள். நாள்வாரியாக ஒரு அட்டவணை வரும். எந்த நாளில் எந்த மென்பொருள் நின்றது என்று சிவப்புக் குறி காட்டும், அதே நாளில் என்ன நிறுவப்பட்டது, எந்த அப்டேட் வந்தது என்பதும் கீழே இருக்கும். செவ்வாய்க்கிழமை பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறீர்கள், புதனிலிருந்து சிவப்பு ஆரம்பிக்கிறது என்றால் முதலில் எதைச் சந்தேகிப்பது என்று தெரிந்துவிடும். விண்டோஸில் இவ்வளவு உபயோகமான பக்கம் வேறு இல்லை என்பேன். இதைக் காட்டும்போது "இப்படி ஒன்று இருக்கிறதா" என்று கேட்காதவர்கள் குறைவு.

நீலத் திரையில் வரும் எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவர், ராம், ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் தெரியாது.

இன்னொன்று, ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கிறது. ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதியை டிஸ்கில் சேமித்து வைத்து, ஆன் செய்யும்போது அதையே எடுத்துப் போடும். பழைய கோளாறும் கூடவே வரும். கோளாறு என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள், அதில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

காசு மாதிரி ஒரு பேட்டரி

பழைய டெஸ்க்டாப்பில் திடீரென்று எந்த இணையதளமும் திறக்காது. 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வரும். ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறுவார்கள், மோடத்தை மாற்றுவார்கள், ஃபார்மேட்டும் போடுவார்கள். திரையின் மூலையில் தேதி பல வருடம் பின்னால் போயிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மின்சாரம் போகும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போகிறது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் தேதியை வைத்துச் சரிபார்க்கப்படுவதால் எல்லாத் தளமும் பொய் போலத் தெரிகிறது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும் பேட்டரி அது. மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்தால் போதும்.

கிளீனர், கிராக், போன் அழைப்பு

ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், 'பிசி பூஸ்டர்' எதுவும் வேண்டாம். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சில நூறு பயனற்ற வரிகள் கிடப்பதால் கணினி மெதுவாவதில்லை, தேவையான ஒரு வரியைத் தவறுதலாக அழித்தால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். பெயர் பெற்ற கிளீனர் என்றாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2017இல் சிகிளீனரின் அதிகாரபூர்வ நிறுவல் கோப்புக்குள்ளேயே தாக்குபவர்கள் தீம்பொருளை நுழைத்தார்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. இடம் வேண்டுமென்றால் விண்டோஸிலேயே இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் போதும். ஆன்டிவைரஸுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும்.

கிராக் போட்ட (காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த) ஆபீஸ், போட்டோஷாப், ஆக்டிவேட்டர் இவற்றைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நிறுவும்போது 'ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்று அதுவே சொல்லும், நாமும் அணைத்துவிடுவோம். வீட்டுக் கணினிகளை வருடக்கணக்கில் ஆட்டிப்படைத்த ஸ்டாப் என்ற ரான்சம்வேர் பெரிதும் இந்த வழியில்தான் பரவியது. குழந்தைகளின் படங்கள் அத்தனையும் பூட்டப்பட்டு, மீட்க வழியில்லாமல் நிற்பவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழும் நன்றாக வரும்.

அப்டேட் தொந்தரவு என்று நிறுத்தி வைப்பதும் இதே வகைதான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைக் கலக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். கணினி விண்டோஸ் 11ஐ ஏற்கவில்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

திரை முழுக்கச் சிவப்பில் எச்சரிக்கை, கூடவே ஒரு போன் நம்பர் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் போன் நம்பர் வராது. அழைக்காதீர்கள், கணினியைத் தூரத்திலிருந்தே இயக்கவிடும் எனிடெஸ்க் எண்ணைச் சொல்லாதீர்கள், பிரவுசரை டாஸ்க் மேனேஜரில் மூடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

தூசியும் மின்சாரமும்

கேபினெட்டை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுழன்றால் ஃபேன் கெடும். ஆன் செய்தால் சத்தம் வருகிறது, திரையில் ஒன்றுமில்லை என்றால் மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஒயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி, ராமை எடுத்து அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து மறுபடி செருகிப் பாருங்கள். பல நேரம் அதோடு தீர்ந்துவிடும்.

600 விஏ யுபிஎஸ், வேலையைச் சேமித்து அணைக்கும் அளவுக்குத்தான். அதில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது. உள்ளிருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். மின்சாரம் போனதும் அதுவும் சேர்ந்து அணைந்தால் யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போடாமல் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதென்றால் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

லேப்டாப்பில் டச்பேட் மேலே எழும்பியிருந்தால், மூடி சரியாக மூடவில்லையென்றால், பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அணைத்து நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

கடையில் கொடுக்கும்போது டிஸ்கின் சீரியல் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னால், ஃபார்மேட்டுக்குச் சரி சொல்வதற்கு முன் அந்த டிரைவை வேறொரு கணினியில் செருகி, உங்கள் படங்களில் இரண்டு மூன்றையும் ஒரு கணக்குக் கோப்பையும் நீங்களே திறந்து பாருங்கள்.