மின்விசிறி ஓடும் செலவைச் சரியாகக் கணக்கிடும் முறை

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் மின்விசிறி நிற்பதே அரிது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை நள்ளிரவு தாண்டியும் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருப்பதால், கூடத்து விசிறி நாளுக்கு 18 மணி நேரம் ஓடுவது இங்கே வழக்கமே. அதற்கு ஆகும் செலவைப் பலரும் யூனிட் எண்ணிக்கையை ஏதோ ஒரு விலையால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். யூனிட் கணக்கு எளிது. விலைதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். நாளுக்கு 18 மணி நேரமென்றால் 1.35 யூனிட், இரண்டு மாதத்துக்கு 81 யூனிட். பி.எல்.டி.சி. எனப்படும், தூரிகையில்லாத நேர்மின் மோட்டார் வைத்த விசிறி சுமார் 30 வாட்டில் அதே வேலையைச் செய்வதால், அதே காலத்துக்கு 32 யூனிட்டே ஆகும். வித்தியாசம் 49 யூனிட்.

உங்கள் விசிறி உண்மையில் எத்தனை வாட் எடுக்கிறது என்பதை மீட்டரைக் கொண்டே அறியலாம். மின்னணு மீட்டரில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்பது மீட்டரின் முகப்பிலேயே 3200, 1600 என்பதுபோல அச்சிடப்பட்டிருக்கும். குளிர்பதனப் பெட்டி, இன்வெர்ட்டர் உட்பட மற்ற அனைத்தையும் நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிட்டுச் சில நிமிடங்கள் எண்ணுங்கள். 3200 எண் கொண்ட மீட்டரில் நிமிடத்துக்கு 4 முறை மினுக்கினால், மணிக்கு 240 முறை. அதை 3200-ஆல் வகுத்தால் 0.075 யூனிட், அதாவது 75 வாட். வேகத்தைக் குறைத்து மறுபடியும் எண்ணிப் பார்ப்பது நல்லது. கம்பிச்சுருள் வைத்த பழைய பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தின் ஒரு பகுதியைச் சூடாக வீணடிக்கும். மின்னணு ரெகுலேட்டரில் அந்த இழப்பு மிகக் குறைவு.

இனி விலை. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. 2016-இலிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பர் கட்டணப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 2.25 ரூபாய்ச் சலுகையே கிடையாது. 101 முதல் 400 வரை 4.50, 500 வரை அதே 6, 500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டும் வீடு, ஒரே ஒரு யூனிட் கூடினால் 1,958 ரூபாய் கட்டியாக வேண்டும். பின்னர் கட்டணம் உயர்ந்திருந்தாலும், கணக்கிடும் வழி இதுதான். நடப்பு விலையைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே விசிறியின் செலவை அறிய, அந்த யூனிட்டுகளைச் சேர்த்து ஒருமுறை, கழித்து ஒருமுறை என முழு பில்லையும் இரண்டு தடவை போட வேண்டும். மேற்சொன்ன 49 யூனிட்டையே எடுத்துக்கொள்வோம். 140 யூனிட் வீட்டில் அதைக் குறைத்தால் மிச்சம் 90 ரூபாய், ஏனெனில் 40 யூனிட்டுக்கே கட்டணம் இருந்தது. 330 யூனிட் வீட்டில் 220.50 ரூபாய். 540 யூனிட் வீடோ 491-க்கு இறங்கிவிடுவதால் 2,270 ரூபாய் பில் 1,671 ஆகி, 599 ரூபாய் மிச்சமாகும். வாடகை வீட்டில் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கினால் இந்தப் படிநிலை எதுவும் பொருந்தாது. நேரடிப் பெருக்கலே போதும்.

3,000 ரூபாய்க்குப் புது விசிறி வாங்குவதாக வைத்துக்கொண்டால், மூன்றாவது வீட்டில் ஐந்தாறு பில்களில் போட்ட பணம் திரும்பிவிடும். இரண்டாவது வீட்டில் இரண்டாண்டுக்கு மேல் பிடிக்கும். ஐப்பசி முதல் தை வரை விசிறி குறைவாக ஓடுவதால் இன்னும் சற்றுத் தள்ளியும் போகலாம். முதல் வீட்டார் பழைய ரெகுலேட்டரை மட்டும் மாற்றினால் போதும். வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் அதிக நேரம் ஓடும் அறையிலிருந்து தொடங்குவதே முறை; விருந்தினர் வந்தால் மட்டும் சுழலும் விசிறியை மாற்றுவதில் பயனில்லை.