‘உம்’ மெதுவாக வேண்டும்: தூங்கப் போகும் பிள்ளைக்குக் கதை தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கதை கேட்கிற பிள்ளை ‘உம்’ கொட்டியாக வேண்டும். “ஒரு ஊர்ல ஒரு ராசா” என்று அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஆரம்பித்தால் “உம்” என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் கதை நகராது. சின்ன வயதில் இதைப் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்திருந்தேன். எனக்கே இரண்டு பிள்ளைகள் ஆன பிறகுதான் அது அமுச்சியின் அளவுகோல் என்று புரிந்தது. உம் சுறுசுறுப்பாக வந்தால் கதை நீளும். இழுத்து இழுத்து வந்தால் குரல் தணியும். உம்முக்குப் பதிலாக மூச்சு மட்டும் கேட்டால், ராசாவை அப்படியே நடுக்காட்டில் விட்டுவிட்டு அமுச்சி எழுந்து போய்விடுவார்.

இரவுக் கதைக்குப் புத்தகம் எடுக்கும்போது நான் இப்போது இதைத்தான் முதலில் பார்க்கிறேன்: இந்தக் கதை போகப் போக உம் மெதுவாகுமா, வேகமாகுமா?

நம்மில் பலர் பார்ப்பது வேறு. பக்கத்தின் கடைசியில் கட்டம் கட்டி ‘நீதி’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். நானும் அப்படித்தான் வாங்கிக் குவித்தேன். கதை முடிந்ததும் “இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட, கண்ணு?” என்று மூத்தவளைக் கேட்பேன். பத்து நாளில் அவள் கதை கேட்பதையே விட்டுவிட்டாள். பாதியிலேயே, “கடைசிக் கட்டத்தை மட்டும் படிம்மா, மனப்பாடம் பண்ணிக்கறேன்” என்றாள். படுக்கையில் டியூஷன் நடத்தினால் வேறென்ன நடக்கும்? கதைக்குள் நீதி இருந்தால் இருக்கட்டும். அதைத் தோண்டி எடுத்துக் காட்டுவதை ராத்திரியில் செய்ய வேண்டாம்.

அடுத்தது, பழைய கதை என்றாலே குழந்தைக் கதை என்று நம்புவது. பஞ்சதந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று மந்தமான ராஜகுமாரர்களை ஆறே மாதத்தில் அரசியல் தெரிந்தவர்களாக ஆக்குகிறேன் என்று விஷ்ணுசர்மா சொன்ன கதைகள் அவை. அதன் முதல் பகுதியான மித்திரபேதத்தில் சிங்கமும் எருதும் உயிர் நண்பர்கள். தமனகன் என்ற நரி இடையில் புகுந்து கோள் மூட்ட, கடைசியில் சிங்கமே எருதைக் கொன்றுவிடுகிறது. ராஜகுமாரனுக்கு அது பாடம். நான்கு வயதுப் பிள்ளைக்கு, நேற்றுவரை கூட விளையாடியவன் இன்று கொல்வான் என்ற செய்தி. அதைக் கேட்டுவிட்டு எப்படித் தூக்கம் வரும்?

அதே நூலின் இரண்டாம் பகுதி, மித்திரலாபம், இரவுக்கென்றே செய்தது போல இருக்கும். வலையில் சிக்கிய புறாக்கள் எல்லாம் சேர்ந்து வலையோடு பறந்து போகின்றன, எலி உட்கார்ந்து கயிற்றைக் கொறிக்கிறது. கொறிக்கிற இடத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். “கறுக்… கறுக்… ஒரு கயிறு அறுந்தது.” உம். “கறுக்… கறுக்… இன்னொரு கயிறு.” உம்ம்ம்.

கீரிப்பிள்ளை கதையை மட்டும் தயவுசெய்து பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றிய கீரியைத் தாயே அவசரப்பட்டுக் கொன்றுவிடும் கதை அது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையிலேயே வருகிற அளவுக்குப் பழையது, அருமையானது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு என் மகள் அழுத அழுகை அடங்க நள்ளிரவானது. வேதாளம் கதைகளும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு: முடிவில் ஒரு புதிர், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். ஒன்பது வயதுக்காரி எழுந்து உட்கார்ந்து விவாதம் பண்ணுவாள். அதற்குச் சனிக்கிழமை மத்தியானம் நல்ல நேரம்.

வெளிநாட்டுக் கதை என்றாலும் முடிவை முதலில் பார்த்துவிடுவது நல்லது. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ அச்சிட்டபோது ஓநாய் அவளை விழுங்கியதோடு கதை முடிந்துவிட்டது. வேடன் வந்து வயிற்றைக் கிழித்து அவளையும் பாட்டியையும் உயிரோடு எடுப்பது 1812-இல் வந்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில்தான். தமிழில் கிடைக்கும் படப்புத்தகம் இதில் எதைப் பின்பற்றுகிறது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இனிப் பயம். எங்கள் பக்கம் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊர், வரப்பெல்லாம் பனை. பனையும் பாலை மரமும் இருக்கிற இடத்தில் யட்சியும் இருப்பாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வழியில் போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். மறுநாள் காலையில் பனையடியில் நகமும் முடியும்தான் கிடக்கும். உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் இதை என் சின்னவனுக்கு ஒரு ராத்திரி ரசித்து ரசித்துச் சொன்னார். எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று பனை. அவற்றைத் தாண்டித்தான் கழிப்பறை. காற்றில் காய்ந்த மட்டை உரசுகிற சத்தம் வேறு. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் இருட்டியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு யாராவது கூடப் போக வேண்டியிருந்தது.

அதற்காகப் பயமே இல்லாத கதையைத் தேடவும் வேண்டாம். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்திருக்கும் அரக்கனுக்கு என் மகன் இம்மியும் பயப்படுவதில்லை, ரசிக்கிறான். அரக்கனின் விலாசம் தூரம். யட்சியின் விலாசம் எங்கள் கொல்லை. தூரத்துப் பயமாக இருந்து, கதை முடிவதற்குள் அது தீர்ந்தும்விட்டால் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். “தூங்காவிட்டால் பூச்சாண்டி வருவான்” என்பதில் இரண்டுமே இல்லை. அது கதையும் இல்லை.

எல்லையோரத்தில் இருக்கும் நமக்கென்றே ஒரு தவறு உண்டு. சின்னவன் பள்ளியில் படிப்பது மலையாளத்தில், வீட்டில் பேசுவது தமிழ். ஒரு நாள் “பட்டியில் ஆடுகள் படுத்திருந்தன” என்று படித்தேன். உம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, அத்தனை ஆடும் பட்டி மேலயா படுத்திருக்கு? அது கடிக்காதா?” என்றான். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இன்னொரு கதையில் ஊருக்குள் வெள்ளம் வந்தபோது, “நல்லதுதானே, குடிக்கலாம்” என்று நிம்மதியாகச் சொன்னான். அவனுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர்.

இப்படிக் குழம்புகிறானே என்று சில வீடுகளில் தமிழ்க் கதையையே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் நரியைப் பிள்ளை ‘குறுக்கன்’ என்றால் கதையை நிறுத்திவிட்டுத் திருத்துகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. பகலில் ஒருமுறை பக்கங்களைப் புரட்டினால் இந்த மாதிரிச் சொற்கள் கண்ணில் பட்டுவிடும். நான் பட்டியைக் கொட்டில் ஆக்கிவிட்டேன். குறுக்கன் குறுக்கனாகவே இருக்கிறான், கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், மலையாளம் இரண்டிலும் இலவசமாகக் கதைகள் இருக்கின்றன. ஒரே கதை இரண்டு மொழியிலும் கிடைத்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். இன்று ஒன்று, நாளை மற்றொன்று.

தமிழிலேயே கூட வாய்க்கு வராத தமிழ் உண்டு. “‘ஓ, என் அன்பான முயலே!’ என வியந்து கூவியது கரடி” என்று எழுதியிருந்தால் அதை எந்தக் குரலில் படிப்பது? கடையிலேயே ஒரு பக்கத்தை முணுமுணுத்துப் பாருங்கள். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கினால் திரும்ப வைத்துவிடலாம். படம் நன்றாக இருக்கிறதே என்று ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, சரி, ‘நீர் அருந்தினான்’ என்று இருப்பதைத் ‘தண்ணி குடிச்சான்’ என்று படியுங்கள். புத்தகம் கோபித்துக்கொள்ளாது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு, அதே அளவுள்ள புத்தகத்தையே நாமும் படித்துக் காட்டுவது இன்னொரு தப்பு. ‘இது ஆடு. ஆடு ஓடும்’ என்பதெல்லாம் அவளே படிப்பதற்கு. காது கண்ணை விட வெகு தூரம் முன்னால் ஓடும். தானாகப் படிக்க முடியாத நீளமான கதையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டுப் புரிந்துகொள்வாள்.

தினமும் புதுக் கதை தேடி ஓடவும் வேண்டாம். “நேத்து சொன்னதையே சொல்லு” என்று கேட்டால் உங்களுக்கு வேலை மிச்சம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கதையில்தான் பிள்ளை நிம்மதியாகக் கண்ணை மூடும். ஈ தன் பேரை மறந்துபோன கதை தெரியும்தானே? கன்றுக்குட்டியைக் கேட்டு, தாய்ப்பசுவைக் கேட்டு, மாடு மேய்க்கிறவனைக் கேட்டு, அவன் கையிலிருக்கும் கோலைக் கேட்டு என்று சங்கிலியாக நீண்டுகொண்டே போகும். ஒவ்வொருவரிடமும் பழைய பட்டியல் முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இன்றுவரை குதிரை கனைத்து ஈக்குப் பேர் தெரிந்த ராத்திரிகள் குறைவு. குளத்து மீன் வருவதற்குள் உம் நின்றுவிடும்.

கைபேசியைக் கையில் கொடுத்துக் கதை வீடியோ போடுவது பற்றி நீட்ட ஒன்றுமில்லை. திரையின் வெளிச்சம் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். அதைவிட முக்கியம், பிள்ளை உம் கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் வீடியோவுக்கு ஒன்றுதான். ஒரு கதை முடிந்தால் அடுத்தது தானாக ஓடும்.

வயது வித்தியாசமுள்ள இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கதையைத் தேடி நான் நிறைய நாளை வீணாக்கினேன். நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எடுத்தால் சின்னவனுக்குப் புரியாது, பெரியவளுக்குச் சலிப்பு. இப்போது கதை சின்னவன் அளவுக்கு, படிப்பவள் பெரியவள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். நேற்று எலி நாலாவது கயிற்றைக் கொறித்துக்கொண்டிருந்தபோது உம் நின்றது. ஐந்தாவது கயிற்றில் படிக்கிற குரலும் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு போய் விளக்கை அணைத்தேன்.