புது ரிசீவர் வாங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

ரேடியோ அலையை வாங்கிக் கணினிக்குத் தரும் விரல் நீள யுஎஸ்பி டாங்கிள் ஒன்று, ஒரு லேப்டாப், மொட்டை மாடியில் பத்து மீட்டர் கம்பி. இவ்வளவு இருந்தால் சிற்றலையில் சீனாவும் வத்திக்கானும் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதல் சில மாதங்களில் செய்யும் தவறுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. இன்று சொல்லித் தருகிறவர்களும் அதே பள்ளங்களில் விழுந்து எழுந்தவர்கள்தாம். ஆன்டெனாவைச் செருக மறப்பது, சிற்றலை நிலையத்தை எஃப்எம் முறையில் வைத்துவிட்டு விழிப்பது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை அரை மணி நேரத்தில் தானாகவே பிடிபட்டுவிடும். பணத்தையும் மாதங்களையும் தின்கிறவை மட்டும் இங்கே.

ஸாடிக்கில் கீபோர்டுக்கு டிரைவர் மாற்றுவது

டாங்கிளுக்கு டிரைவர் போடும் ஸாடிக் மென்பொருளின் பட்டியலில் ‘பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறொன்றைத் தொட்டால் கீபோர்டின் டிரைவர் மாறிப்போகும். யுஎஸ்பி ஐடி 2838 அல்லது 2832 என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

வீட்டு இரைச்சலுக்கு ரிசீவரைக் குற்றம் சொல்வது

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நடப்பதும், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். வழக்கமாகக் கதை இப்படிப் போகும். ஒருவர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் வாங்குகிறார். ஜன்னலோரம் ஒரு கம்பியைத் தொங்கவிட்டு 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகிறார். சிக்னல்களைத் திரையில் நிறமாகக் காட்டும் வாட்டர்ஃபால் முழுக்க மஞ்சள். அறுபது எழுபது கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, ஓரம் பிசிறிய நெட்டுக்கோடுகள். ‘எட்டு பிட் டாங்கிள்தானே, இவ்வளவுதான் வரும்’ என்று யாரோ சொல்ல, முதலில் எல்என்ஏ என்ற சிக்னல் பெருக்கி ஒன்றை வாங்குகிறார். அது கோடுகளையும் சேர்த்தே பெருக்குகிறது. அடுத்து நாலைந்து மடங்கு விலையில் 14 பிட் ரிசீவர். அதை இணைத்ததும் அதே கோடுகள், முன்னைவிடத் துல்லியமாக. அந்தப் பெட்டி கொஞ்ச நாளில் பாதி விலைக்கு விற்பனைக்கு வரும். ‘சிற்றலை செத்துவிட்டது’ என்ற தீர்ப்போடு.

அந்தக் கோடுகள் வானத்திலிருந்து வரவில்லை. எல்இடி ட்யூப், வைஃபை ரூட்டரின் அடாப்டர், லேப்டாப் சார்ஜர், பிஎல்டிசி ஃபேன் எல்லாவற்றுக்குள்ளும் ஸ்விட்சிங் சர்க்யூட் இருக்கிறது. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டலின் மடங்குகள்தான் சிற்றலை முழுக்கச் சம இடைவெளியில் கோடு போடுகின்றன. அடாப்டர் சூடேறும்போது கோடுகள் மெதுவாக நகர்வதையும் பார்க்கலாம். எந்த ஒலிபரப்பு நிலையமும் அப்படி நகராது. ஃபேன் ரெகுலேட்டர் வேறு ரகம்: கோடாகத் தெரியாது, எங்கே டியூன் செய்தாலும் 100 ஹெர்ட்ஸ் ‘கர்ர்’ கேட்கும். இரைச்சல் பகலெல்லாம் இருந்து பொழுது சாய்ந்ததும் அடங்கினால், பக்கத்துக் கூரையில் சோலார் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு சார்ஜரைப் பிளக்கிலிருந்தே கழற்றுங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு: மெயினை அணைத்ததும் வீட்டு இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும். அதுவே வீட்டிலுள்ள மோசமான இரைச்சல் மூலமாக இருக்கலாம். அதையும் அணைத்தால்தான் சோதனை. வாட்டர்ஃபால் சட்டென்று கருத்துப்போனால் உங்கள் ரிசீவரில் எந்தக் கோளாறும் இல்லை. இனி எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த அறை விழிக்கும்போது கோடு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் குற்றவாளி அகப்படுவான்.

அகப்பட்டவனை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் யாருக்கும் புரியாதது. கம்பியை மொட்டை மாடிக்கு ஏற்றிய பிறகும் இரைச்சல் குறையவில்லை என்பார்கள். ஒற்றைக் கம்பி ஆன்டெனாவில் மின்னோட்டம் ஓட மறுபாதி ஒன்று வேண்டும். எர்த் கொடுக்காமல், கம்பியைக் கேபிளோடு பொருத்தும் 9:1 டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை மட்டும் மாட்டினால், கீழே இறங்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னலே அந்த மறுபாதி ஆகிவிடும். பின்னல் டாங்கிளின் உடலைத் தொடுகிறது. டாங்கிள் லேப்டாப்பை, லேப்டாப் சார்ஜரை, சார்ஜர் சுவரை. கம்பி மாடியில் இருந்தாலும் ஆன்டெனாவின் பாதி உங்கள் வீட்டு வயரிங்தான்.

இதைக் கண்டுபிடிக்கவும் ஒரு சோதனை உண்டு. மாடிக்குப் போய், பெட்டியிலிருந்து ஆன்டெனா கம்பியை மட்டும் கழற்றுங்கள். கோஆக்ஸ் அப்படியே இருக்கட்டும். நிலையங்கள் மறைந்து இரைச்சலும் தரைக்கு இறங்கினால் நல்லது. நிலையங்கள் போய் இரைச்சல் மட்டும் அப்படியே நின்றால், அது கோஆக்ஸின் வெளிப்புறம் வழியாக ஏறி வருகிறது.

மருந்து மூன்று இடத்தில். முதலாவது, டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்றும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். பிஎன்-73-202 என்ற இரட்டைத்துளை ஃபெரைட்டில் ஆன்டெனா பக்கம் 9 சுற்று, கோஆக்ஸ் பக்கம் 3 சுற்று. இரண்டு துளை வழியாகவும் போய்த் திரும்பினால்தான் ஒரு சுற்று. கம்பிக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் மெல்லிய எனாமல் கம்பி போதும். கடையில் வாங்கும் பெட்டிகள் பலவற்றில் சுற்றுகள் உள்ளே இணைந்திருக்கும். மல்டிமீட்டரை வைத்து ஆன்டெனா முனைக்கும் கோஆக்ஸ் பின்னலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாவது, ஆன்டெனா பக்கச் சுற்றின் மறுமுனைக்குத் தனி எர்த். ஒரு மீட்டருக்கு மேல் மண்ணில் இறங்கிய குழாய் போதும். மேல்மாடி வீட்டில் அது முடியாதென்றால், ஐந்தாறு மீட்டர் கம்பி ஒன்றைக் கைப்பிடிச்சுவர் ஓரமாக எதிர்த்திசையில் ஓடவிடலாம். ஆனால் வீட்டு மின்சார எர்த்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எந்த இரைச்சலை விரட்டுகிறோமோ அதற்கே கதவைத் திறந்துவிடுவதாகும்.

மூன்றாவது சோக், அதாவது கேபிளின் வெளிப்புறம் ஏறி வரும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் சுற்று. கடையில் பத்து கிளிப் ஃபெரைட் வாங்கி கேபிளில் மாட்டிவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பவர்கள் நிறைய. ஒரே ஒரு முறை கேபிள் உள்ளே போகும் கிளிப், 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற இடத்தில் பெரிதாக எதையும் தடுக்காது. தடுப்பு, சுற்றின் எண்ணிக்கைக்கு இருமடிப் பெருக்கமாக ஏறும்: மூன்று சுற்றுக்கு ஒன்பது மடங்கு, பத்து சுற்றுக்கு ஏறத்தாழ நூறு மடங்கு. எஃப்டி240-31 வளையம் ஒன்றில் கோஆக்ஸைப் பன்னிரண்டு சுற்று சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். ‘31’ என்பது ஃபெரைட்டின் கலவை. சிற்றலையின் கீழ்ப்பகுதிக்கு இதுதான் ஏற்றது. எண் போடாத வளையத்தை நம்பி வாங்காதீர்கள்.

கேபிள் விஷயத்தில் மட்டும் சிக்கனமாக இருக்கலாம். கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன ஆர்ஜி-6 நன்றாகவே வேலை செய்யும். அது 75 ஓம், டாங்கிள் 50 ஓம் என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அந்தப் பொருத்தமின்மையால் இழப்பது 0.2 டெசிபெல்கூட இல்லை. சோக் சுற்றும் இடத்தில் மட்டும் அது வளைந்து கொடுக்காது. அங்கே ஆர்ஜி-58 அல்லது ஆர்ஜி-174 துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெடிமேட் லூப் ஆன்டெனா வாங்கியவர்களும் தப்பவில்லை. அதன் பெருக்கிக்கு லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே 5 வோல்ட் கொடுத்தால் இரைச்சல் அந்த வழியாக ஏறும். நான்கு ரீசார்ஜ் ஏஏ செல்கள் 4.8 வோல்ட் தரும். அதில் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கெயினை முழுக்க ஏற்றுவது

கெயின் என்பது சிக்னலைப் பெருக்கும் அளவு. டாங்கிள் எட்டு பிட் என்றால் மிகப் பெரிய சிக்னலுக்கும் மிகச் சிறியதற்கும் இடையே ஏறத்தாழ 50 டெசிபெல் இடம்தான். சென்னையில் 720, திருச்சியில் 936 கிலோஹெர்ட்ஸ் என்று உள்ளூர் மத்தியலை நிலையம் ஒன்றே அந்த இடத்தை நிரப்பிவிடும். அப்புறம் 9 மெகாஹெர்ட்ஸிலும் 11 மெகாஹெர்ட்ஸிலும் ஆகாசவாணி செய்தி கேட்கும். ‘புது அலைவரிசை கண்டுபிடித்தேன்’ என்று ஸ்கிரீன்ஷாட்டும் வரும்.

ஆன்டெனாவைக் கழற்றி இரைச்சல் தரை, அதாவது நிலையம் ஏதும் இல்லாத இடத்தின் இரைச்சல் மட்டம், எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரும்ப மாட்டி, தரை பத்து டெசிபெல் எழும்வரை கெயினை ஏற்றுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றை இடையில் போட்டுப் பாருங்கள். உண்மையான நிலையம் பத்து டெசிபெல் குறையும். டாங்கிளுக்குள் உருவான போலி, அதன் இருமடங்கு மும்மடங்கு விழுந்து காணாமலே போகும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 மாதிரி டாங்கிளில் சிற்றலையை டைரக்ட் சாம்ப்ளிங் முறையில் கேட்கும்போது கெயின் ஸ்லைடர் வேலையே செய்யாது. ட்யூனர் சிப் அப்போது பாதையில் இல்லை. ஸ்லைடரை இழுத்து இழுத்து ‘இப்போது தெளிவாகிறது’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அங்கே மத்தியலையை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர்தான் வழி. அடுத்த மாதிரியான வி4-இல் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதற்குரிய டிரைவர் இல்லாத பழைய மென்பொருள் அதை வேறு டாங்கிளாக எடுத்துக்கொண்டு தவறான இடத்தில் டியூன் செய்யும்.

14.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு கண்ணாடி

இதுவும் வி3 டைரக்ட் சாம்ப்ளிங் விஷயம். சிப் நொடிக்கு 2.88 கோடி முறை மாதிரி எடுக்கிறது. அதில் பாதியான 14.4 மெகாஹெர்ட்ஸில் அலைக்கற்றை மடங்கிவிடும். 9.6 மெகாஹெர்ட்ஸ் நிலையம் 19.2-லும் நிற்கும். 19.2-இல் ஒலிபரப்புப் பட்டையே கிடையாது என்று தெரியாதவர் அதைச் சாதனையாகக் குறித்துக்கொள்வார். 28.8-இலிருந்து கழித்துப் பாருங்கள், உண்மையான முகவரி கிடைக்கும். கண்ணாடி பிம்பம் தலைகீழ் என்பதால் ஹாம்கள் எனும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் மேல் பக்கப்பட்டைப் பேச்சு (அலையின் மேல்பாதியை மட்டும் அனுப்பும் முறை) அங்கே கீழ் பக்கப்பட்டையாகத்தான் புரியும்.

பட்டியலை நம் கடிகாரத்தில் படிப்பது

சிற்றலைப் பட்டியல்கள் எல்லாம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில். ஐந்தரை மணி கூட்டுங்கள்: 1400 என்றால் நமக்கு இரவு 7.30. நாளும் மாறும் என்பதுதான் வழுக்குமிடம். சனிக்கிழமை 2000 மணி நிகழ்ச்சி நமக்கு ஞாயிறு விடிகாலை 1.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அட்டவணை மாறும் நாட்கள். போன மாதம் கேட்ட நிலையம் இடம் மாறியிருந்தால் டாங்கிளைக் குறை சொல்லாதீர்கள்.

பகலில் 11 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, இருட்டிய பிறகு 10-க்குக் கீழே. மதியம் பன்னிரண்டு மணிக்கு 6 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பாவைத் தேடி ஏமாந்து, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ரிசீவரோடு ஒப்பிட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு. அந்த ஆன்டெனா நிற்பது நெதர்லாந்தில். அதற்குக் கேட்பது உங்களுக்கும் கேட்கவேண்டும் என்று விதியில்லை. ஒப்பிடுவதென்றால் நம் பக்கம் இருக்கும் கிவி-எஸ்டிஆர் (இணையம் வழியே கேட்கக்கூடிய ரிசீவர்) ஒன்றைத் திறந்து, அதே நிமிடம் அதே அலைவரிசையைப் பாருங்கள். அங்கே தெளிவாக இருந்து இங்கே இல்லையென்றால் கோளாறு உங்கள் மாடியில்.

ஏஎம் நிலையத்தை ஏஎம்-இல் மட்டுமே கேட்பது

சிற்றலை நிலையங்கள் ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. 9690-இல் கேட்கும்போது 9695-காரர் மேலே ஏறி மிதிக்கிறார் என்றால், சரியாக 9690.0-இல் நிறுத்தி, கீழ் பக்கப்பட்டைக்கு மாறி, அகலத்தை 4 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். தகவல் இரண்டு பக்கமும் ஒன்றுதான், கெட்ட பக்கத்தை விட்டுவிடலாம். டாங்கிளின் பிபிஎம் திருத்தம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு அலைவரிசை விலகுகிறது என்பது) சரியில்லை என்றால் பாட்டு சுருதி விலகி ஒலிக்கும். 10 மெகாஹெர்ட்ஸில் இரவில் கேட்கும் சீனாவின் பிபிஎம் நேரக்குறிப்பு நிலையத்தை வைத்து அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவது தற்செயல்: திருத்தம் PPM, நிலையம் BPM. 1 பிபிஎம் பிழை அங்கே 10 ஹெர்ட்ஸ்.

எஃப்டி8

இது ஹாம்கள் கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை. கணினிக் கடிகாரம் இரண்டு மூன்று நொடி விலகினாலே 14.074 மெகாஹெர்ட்ஸில் திரை வெறுமையாகவே இருக்கும். மென்பொருளின் இரைச்சல் குறைப்பையும் அணைத்துவிடுங்கள்.

பயஸ் டீ

மாடியிலுள்ள பெருக்கிக்கு கோஆக்ஸ் வழியாகவே நேர்மின்சாரம் அனுப்பும் வசதி இது. மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மரின் 3 சுற்று, நேர்மின்சாரத்துக்கு வெறும் ஷார்ட். மென்பொருளில் பயஸ் டீக்கு டிக் போட்டிருக்கிறதா என்று மாட்டும் முன்பே பாருங்கள்.

முழு அலைக்கற்றையையும் பதிவுசெய்ய நினைப்பது

2.4 மெகா மாதிரி வேகத்தில் 16 பிட்டாகப் பதிந்தால் நொடிக்கு 9.6 மெகாபைட், மணிக்கு ஏறத்தாழ 35 ஜிபி. எஃப்ஏடி32 பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, அதாவது ஏழரை நிமிடம். ராத்திரி பதிவை ஓடவிட்டுத் தூங்கப் போனவர் காலையில் எழுந்து பார்ப்பது அந்த ஏழரை நிமிடத்தைத்தான்.

இடி

ஆன்டெனா கேபிளை டாங்கிளிலிருந்து கழற்றுங்கள். மென்பொருளை மூடுவதும் சுவிட்சை அணைப்பதும் கணக்கில்லை. சித்திரைக் கோடை மழையோ ஐப்பசி அடைமழையோ, கேட்டு முடித்ததும் கோஆக்ஸின் முனையை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.