சைக்கிளில் சத்தமா? ஸ்பேனரை எடுக்கும் முன் காதைத் தீட்டுங்கள்

சென்ற ஆடியில் என் சைக்கிள் மிதிக்கு ஒரு 'கடக்' போட ஆரம்பித்தது. கடையில் பெடல் அச்சைக் கழற்றி, குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்துத் தந்தார்கள். சென்னிமலை வந்து சேர்வதற்குள் மறுபடியும் கடக். கடைசியில் பார்த்தால், சீட்டுக்கு அடியில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் அசைகிறது. அதற்குச் சீட்டு முனகுகிறது. சைக்கிளின் சட்டம் வெற்றுக்குழாய் என்பதால் ஓரிடத்துச் சத்தம் வேறோர் இடத்தில் கேட்கும்.

முதல் வேலை, ஆளரவம் இல்லாத பாதைக்குப் போவது. எனக்குக் கீழ்பவானி வாய்க்கால் கரை. விடிகாலையில் போய்விடுங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழுந்துவிட்டால் காதில் அதன் இரைச்சல்தான் இருக்கும்.

கொஞ்சம் வேகம் எடுத்து, மிதிப்பதை நிறுத்துங்கள். சத்தமும் நின்றால் பெடல், கிராங்கு (பெடல் மாட்டியிருக்கும் கை), செயின், சீட்டு ஆகியவற்றில் ஒன்று. தொடர்ந்தால் சக்கரம், பிரேக், மட்கார்டு பக்கம் பாருங்கள். மிதிக்காதபோதும் பின்சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீலின் டிக்டிக் இயல்பானது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது எண்ணுவது. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பெடல் ஒரு சுற்று வர ஒருமுறை கேட்டால் பெடலோ கிராங்கோ. இரண்டு சுற்றுக்கும் சற்று அதிகமானபின் ஒருமுறை 'டிக்' என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயின் முழுதாய் ஒருமுறை சுற்றிவர அவ்வளவு நேரம் பிடிக்கும். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே பின் பல்சக்கரத்தைக் கவனியுங்கள். அங்கே மடங்காமல் விறைத்து வரும் கண்ணிதான் அது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் பக்கவாட்டில் லேசாக வளைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

பிறகு எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் போய்விட்டால் சீட்டு (நான் கடைக்குப் போகும் முன் இதைச் செய்திருக்கலாம்). போகாவிட்டால் ஒவ்வொரு காலாக அழுத்தி, எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தப் பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். இடது பெடலுக்கு எதிர் மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் மல்லுக்கட்டினால் இன்னும் இறுகும்.

சக்கரத்துச் சத்தம் என்றால் சைக்கிளைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ஒரே இடத்தில் 'சர்' என்று உரசினால் ரிம் கோணியிருக்கிறது. ஸ்போக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்தினால் தொளதொளத்த கம்பி கையிலேயே தெரியும். வால்வு நட்டையும் தொட்டுப் பாருங்கள். லொடலொடப்பு என்றால் மட்கார்டு, கேரியர், மணி. ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்தாலே அகப்பட்டுவிடும்.

செயின் கிறீச்சிட்டால் எண்ணெய் தேவை. துடைத்துவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு சைக்கிள் எண்ணெய்; மிச்சத்தையும் துடைத்துவிடுங்கள். காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை என்று அதை ஊற்றாதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழிக் காலையில் செயினில் வெள்ளையாய்த் திரண்டு நிற்கும், அதில் செம்மண் புழுதி அப்பிக்கொள்ளும்.

கிராங்கைப் பிடித்து ஆட்டும்போது 'கடக்' என்று ஆடினால், பழைய வகைச் சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் சுத்தியலால் தட்ட வேண்டாம். கடைக்குத் தள்ளிக்கொண்டே போய்ப் புதுப் பின் போட்டுக்கொள்ளுங்கள்.